பெரிய பேர் சுமந்த பிள்ளைகள்: ‘க்ளோன் ஹை’யை மறுபடி பார்த்தபோது

ஓர் அமெரிக்கக் கார்ட்டூனை எதிர்த்து டெல்லியில் உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள். 2003 ஜனவரி கடைசியில் நடந்தது இது. நூறு பேருக்கு மேல் கூடினார்கள், காந்தி குடும்பத்தைச் சேர்ந்தவரும் அதில் இருந்தார். அந்தச் சமயத்தில் ஓர் அமெரிக்க ஆண்கள் பத்திரிகை, உடற்பயிற்சி செய்யும் தடியன் ஒருவன் காந்தியை அடிப்பதுபோலக் கேலிப்படம் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கோபத்தோடு இணையத்தில் காந்தியைத் தேடியவர்கள் கண்ணில் எம்டிவியின் ‘க்ளோன் ஹை’ பக்கமும் பட்டுவிட்டது. அதிலும் ஒரு காந்தி. பதினாறு பதினேழு வயது, காதில் கடுக்கன், வாயை மூடாத பையன். இது போதாதா?

இத்தனைக்கும் அந்தத் தொடர் இந்தியாவில் ஒளிபரப்பாகவே இல்லை. அமெரிக்காவில் தொடங்கியே அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது. எம்டிவி உடனே வருத்தம் தெரிவித்தது. அமெரிக்கப் பார்வையாளர்களுக்காக எடுத்தது, மற்ற பண்பாடுகளில் வேறு மாதிரித் தெரியலாம் என்று ஒரு அறிக்கை. எம்டிவியின் தலைமைப் பொறுப்பில் இருந்த டாம் ஃப்ரெஸ்டன் சரியாக அந்த நேரத்தில் எம்டிவி இந்தியா அலுவலகத்தில் இருந்தார், போராட்டக்காரர்களின் மிரட்டல் நேராக அவர் காதுக்கே போனது என்று தொடரை உருவாக்கியவர்கள் பிற்பாடு பேட்டிகளில் சொன்னார்கள். நிறுவனத்துக்கு இந்தியச் சந்தை முக்கியம், கார்ட்டூன் முக்கியமில்லை. பார்த்தவர்களின் எண்ணிக்கையும் சுமார்தான். சில வாரங்களிலேயே தொடரைத் தூக்கிவிட்டார்கள். எடுத்தது மொத்தம் 13 எபிசோடுகள்.

எனக்கு இது அறிமுகமானது கல்லூரி விடுதியில், கை மாறி வந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில். யாரோ ஒரு புண்ணியவான் ‘இங்கிலீஷ் கார்ட்டூன்’ என்று ஃபோல்டர் போட்டு வைத்திருந்தான். சப்டைட்டில் கிடையாது. பாதி ஜோக் புரியவில்லை, மீதிப் பாதிக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். ரொம்ப வருடம் கழித்து இப்போது மொத்தத்தையும் மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். 2023லும் 2024லும் வந்த புதிய சீசன்களையும் சேர்த்து. பார்த்து முடித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அன்று புரியாத ஜோக்குகள் இன்று புரிந்துவிட்டன என்பதற்காக இல்லை. அந்தக் காந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பதற்காக.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1980களில் அமெரிக்க ராணுவத்தின் ரகசிய ஆட்கள் சரித்திரத்தின் பெரிய மனிதர்களின் எலும்புகளைத் தோண்டியெடுத்து க்ளோன் செய்கிறார்கள். நகல்கள் வளர்ந்து இப்போது பதின்வயதில் இருக்கின்றன. எல்லோரும் ஒரே ஹைஸ்கூலில் படிக்கிறார்கள். ஊர் பெயர் எக்ஸ்க்ளமேஷன், அதாவது ஆச்சரியக்குறிதான் ஊர். ஆபிரகாம் லிங்கனின் நகல் ஏப், நல்ல பையன், நெட்டை, எதையும் முடிவெடுக்கத் தெரியாதவன். அவனுக்குக் கிளியோபாட்ராமேல் கண். அவன்மேல் கண் வைத்திருப்பவள் ஜோன் ஆஃப் ஆர்க். எப்போதும் கறுப்பு உடை, உலகத்தின்மேல் கோபம். கிளியோபாட்ரா பள்ளியின் அழகு ராணி. அவளைச் சுற்றுகிற இன்னொருவன் ஜான் எஃப் கென்னடி, தசையும் திமிருமாக. அப்புறம் ஏப்பின் உயிர் நண்பன் காந்தி.

பிரின்ஸிபல் ஸ்கட்வொர்த் ஒரு கோமாளி விஞ்ஞானி. ராணுவத்துக்குத் தெரியாமல் இந்தப் பிள்ளைகளை வைத்து ஒரு கேளிக்கைப் பூங்கா கட்ட வேண்டும் என்பது அவர் வாழ்நாள் கனவு. அவருக்குத் துணை மிஸ்டர் பட்லர்ட்ரான் என்கிற ரோபோ. அது யாரைக் கூப்பிட்டாலும் ‘வெஸ்லி’ என்றுதான் கூப்பிடும். 1985இலிருந்து 1990 வரை ஓடிய ‘மிஸ்டர் பெல்வடேர்’ என்ற தொடரில் ஒரு ஆங்கிலேய பட்லர், அதாவது வீட்டு நிர்வாகம் பார்க்கும் வேலையாள், ஒரு அமெரிக்கக் குடும்பத்தின் கடைக்குட்டியை அப்படிக் கூப்பிடுவார். அந்தப் பையன் பெயர் நிஜமாகவே வெஸ்லி. இங்கே ரோபோவுக்கு உலகத்தில் எல்லோரும் வெஸ்லிதான். விடுதியில் எங்களுக்கு இந்தப் பின்னணி சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் மெஸ்ஸில் ஒருவரையொருவர் ‘வெஸ்லி’ என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தோம்.

உருவாக்கியவர்கள் ஃபில் லார்டும் கிறிஸ்டஃபர் மில்லரும், கூடவே பில் லாரன்ஸ். லார்டும் மில்லரும் டார்ட்மவுத் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். ‘க்ளோன் ஹை’ அவர்களுடைய முதல் பெரிய வேலை. இதில் மில்லர்தான் கென்னடிக்கும் ரோபோவுக்கும் குரல், லார்ட்தான் பிரின்ஸிபலுக்கு. வேலை போன பிறகு இருவரும் என்ன ஆனார்கள் என்பது ஊரறிந்த கதை. ‘தி லெகோ மூவி’யை இயக்கினார்கள். அவர்கள் தயாரிப்பில் 2018இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ ஆஸ்கர் வாங்கியது. லாரன்ஸ் அப்போதே ‘ஸ்க்ரப்ஸ்’ எடுத்துக்கொண்டிருந்தவர், பிற்பாடு ‘டெட் லாஸ்ஸோ’வில் கை வைத்தவர். இன்றைக்கு இந்த மூன்று பெயரையும் சேர்த்துச் சொன்னால் எந்த நிறுவனமும் செக்கை எடுத்து நீட்டும். அன்று 13 எபிசோடுக்கு மேல் தாங்கவில்லை.

தொடர் முதலில் ஒளிபரப்பானது கனடாவில், 2002 நவம்பரில், டெலிட்டூன் சேனலில். அமெரிக்காவுக்கு வந்தது அடுத்த ஜனவரி 20இல்தான். அதனால்தான் அமெரிக்காவில் பாதியில் நின்றுபோன கதையின் முடிவு கனடாக்காரர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. டிவிடியும் 2005இல் கனடாவில்தான் வந்தது. ரசிகர்கள் கூட்டம் ஒன்று திரண்டது அதற்குப் பிறகுதான்.

சரி, இது எதைக் கேலி செய்தது? சரித்திரத்தை இல்லை. மறுபடி பார்க்கிறபோது இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. லிங்கனைப் பற்றியோ கிளியோபாட்ராவைப் பற்றியோ பள்ளிப் பாடப் புத்தகத்துக்கு மேல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேலிக்கு ஆளானது ‘டாசன்ஸ் க்ரீக்’ மாதிரியான டீன் ஏஜ் தொடர்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் மனோதத்துவப் பேராசிரியர் மாதிரி பேசிக்கொண்டு மழையில் நிற்கும் தொடர்கள். அதைவிடவும் முக்கியமாக, அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘விசேஷ எபிசோடு’ என்கிற சமாச்சாரம்.

80, 90களின் குடும்பத் தொடர்களில் இது ஒரு வழக்கம். வாராவாரம் சிரிப்பு மூட்டிக்கொண்டிருந்த தொடர் திடீரென்று ஒரு வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். போதை மருந்து, குடி, விபத்து, கெட்ட சகவாசம் என்று ஏதாவது ஒன்று. அரை மணி நேரத்தில் பிரச்சினை வந்து, அழுது, அறிவுரை கேட்டு, தீர்ந்துவிடும். அடுத்த வாரம் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். 1983இல் ‘டிஃப்ரன்ட் ஸ்ட்ரோக்ஸ்’ தொடரில் ஜனாதிபதி ரீகனின் மனைவி நான்சி ரீகனே வந்து, போதை வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனார். 1990இல் ‘சேவ்ட் பை தி பெல்’ தொடரில் நன்றாகப் படிக்கிற ஒரு பெண் காஃபீன் மாத்திரைக்கு அடிமையாகி, ஆடிப் பாடி, உடைந்து அழுவாள். காப்பியில் இருக்கிற காஃபீன்தான். கும்பகோணத்தில் பாதி ஊரை மறுவாழ்வு மையத்தில் சேர்க்க வேண்டியிருக்கும்.

‘க்ளோன் ஹை’யில் ஒவ்வொரு எபிசோடும் ‘இன்றிரவு, மிக விசேஷமான ஒரு க்ளோன் ஹை’ என்ற அறிவிப்போடுதான் தொடங்கும். எல்லாமே விசேஷம். திராட்சை எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த திராட்சையைப் புகைத்தால் போதை ஏறும் என்று ஒரு வதந்தி கிளம்புகிறது. ஏறாது. ஆனாலும் மொத்தப் பள்ளியும் புகைக்கிறது, போதை ஏறிவிட்டதாக நம்புகிறது, ஹிப்பியாகிவிடுகிறது. எபிசோடு முழுக்கப் பாட்டாகவே போகும், ஜாக் பிளாக் வந்து குரல் கொடுப்பார். பெரியவர்கள் திராட்சையைக் கண்டு அலறுவார்கள். மிட்டாய் விஷயத்தில்கூடப் பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் எச்சரிக்கை வருகிற இந்தக் காலத்தில் பார்த்தால் அதன் ருசியே வேறு.

குப்பை எபிசோடு அதைவிட ஒரு படி மேல். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். அதுவரை ஒரு காட்சியில்கூட வராத போன்ஸ் டி லியோன் என்ற பையன் திடீரென்று வருகிறான். நித்திய இளமை தரும் ஊற்றைத் தேடிப் போனதாகச் சொல்லப்படும் ஸ்பானியக் கடலோடியின் நகல். கென்னடியின் உயிர்த் தோழனாம், பள்ளிக்கே செல்லப் பிள்ளையாம். எல்லோரும் அவனைக் காலங்காலமாகத் தெரிந்ததுபோலவே பேசுவார்கள். குரல் லூக் பெர்ரி. ‘பெவர்லி ஹில்ஸ் 90210’இல் ஒரு தலைமுறைப் பெண்களின் கனவு நாயகனாக இருந்தவர். குப்பையைக் கண்ட இடத்தில் போடாதே என்பது அந்த வாரத்தின் அறிவுரை. கடைசியில் அந்தக் குப்பையே அவனைக் கொல்கிறது. ஒரே அடியில் இல்லை. காற்றில் வரும் குப்பை ஒவ்வொன்றாக வந்து மாட்டும், அவன் தப்பப் பார்ப்பான், இன்னொன்று வரும். சாவு என்றால் அப்படியொரு இழுவைச் சாவு, நம் பழைய படங்களில் குண்டடிபட்ட கதாநாயகன் வசனம் பேசி முடிக்கும்வரை எமன் காத்திருப்பானே, அந்த மாதிரி. அப்புறம் மொத்த எபிசோடும் துக்கம். இந்த இடத்தில்தான் அந்தத் தொடரின் கெட்டிக்காரத்தனம். நமக்குச் சற்றும் அறிமுகமில்லாத ஒருவனுக்காகக் கென்னடி கதறுகிறபோது முதலில் சிரிப்பு வரும். கொஞ்சம் கொஞ்சமாக அது நிற்கும். திமிர் பிடித்த அந்தப் பையனுக்கு நிஜமாகவே ஒரு நண்பன் போய்விட்டான்.

கென்னடியின் நகல் வேறு ஓரிடத்தில், கென்னடி குடும்பத்துக்குக் கெட்டது எதுவுமே நடக்காது என்று மார்தட்டுவான். பிள்ளைகள் கூடிப் பேசும் ஹோட்டலின் பெயர் ‘தி கிராஸி நோல்’. டல்லஸில் ஜனாதிபதி கென்னடியைச் சுட்டது அந்தப் புல்மேட்டிலிருந்துதான் என்று ஒரு கூட்டம் இன்றும் சாதிக்கிறதே, அதே பெயர். அவன் தினமும் அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறான். யாரும் அதைச் சுட்டிக்காட்ட மாட்டார்கள், சுவரில் ஒரு பெயர்ப் பலகை, அவ்வளவுதான். கவனித்தவன் சிரிக்கலாம், கவனிக்காதவனுக்கு நஷ்டமில்லை. காதை அறுத்துக்கொண்ட ஓவியர் வான் கோவின் நகலுக்குக் காதில் கட்டு. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் விளையாட்டு வாத்தியார். இப்படி மூலைக்கு மூலை.

படம் வரைந்த விதத்தையும் சொல்ல வேண்டும். தட்டையான, கோணல் மாணலான உருவங்கள். கை கால் நகர்வதைவிட, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குச் சடக்கென்று தாவும். காசு குறைவு என்பது பார்த்தாலே தெரியும். ஆனால் அந்தக் குறையையே தாளமாக்கிவிட்டார்கள். வசனம் முடிந்த மறுநொடி உருவம் உறைந்து நிற்கும், அந்த அரை நொடி மௌனம்தான் ஜோக். ‘லெகோ மூவி’யில் பொம்மைகள் விறைப்பாகத் திரும்புவதைப் பார்த்தபோது இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது காந்தி.

தொடரின் அடிப்படை விதி இது: நகல்களுக்குத் தாங்கள் யாருடைய நகல் என்று தெரியும். ஒரு பெரிய பெயர் பிறக்கும் முன்பே தலையில் ஏற்றப்பட்டுவிட்டது. ஏப் தேர்தலில் நின்றால் லிங்கன் மாதிரி ஜெயிக்க வேண்டும். (அந்தத் தேர்தலில் ஒரு கம்பெனியின் ஆதரவை வாங்கிக்கொண்டு நேர்மையைக் கோட்டை விடுகிறான்.) ஜோனுக்குத் தியாகியின் பெயர். ஆனால் எல்லோரையும்விடக் கனமான பெயர் காந்திக்குத்தான். அந்தக் கனத்தைத் தாங்க முடியாமல்தான் அவன் நேரெதிராகப் போகிறான். அவன் விரும்புவது பார்ட்டி, சத்தம், பெண்கள். அவனுக்கு எதுவும் அமைவதும் இல்லை. தொண தொணவென்று பேசுவான், தோற்பான், மறுபடி எழுந்து பேசுவான். வளர்ப்புப் பெற்றோர் யூதர்கள். வேர்க்கடலைக்குப் பேர் போன விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் நகலோடு சேர்ந்து பள்ளித் திரைப்பட விழாவுக்கு ஒரு போலீஸ் படம் எடுப்பான். ஒரு எபிசோடில் அவனுக்குக் கவனக்குறைவுக் கோளாறு என்று தெரியவரும். அது ஒட்டிக்கொள்ளும் என்று மொத்த ஊரும் ஒதுக்கி வைக்கும், ஏப் உட்பட. எய்ட்ஸ் பயத்தில் அமெரிக்கா 80களில் நடந்துகொண்ட விதத்தின் நையாண்டி அது.

குரல் கொடுத்தவர் மைக்கேல் மெக்டொனால்ட். வெள்ளைக்காரர். ஆனால் அந்தக் காலத்து அமெரிக்கக் கார்ட்டூனில் இந்தியர் என்றால் ‘சிம்ப்சன்ஸ்’ மளிகைக் கடைக்காரர் அபுவின் அந்த இழுத்துப் பேசும் குரல்தான். இந்தக் காந்தி அப்படிப் பேசுவதில்லை. எந்த அமெரிக்கப் பையனும் பேசுகிற மாதிரித்தான் பேசுகிறான். அவனை வைத்துச் செய்த ஜோக்குகளில் சில சகிக்காது, அதை மறைக்கவில்லை. ஆனால் அவன் இந்தியன் என்பதால் சிரிப்பு வருவதைவிட, அவன் காந்தியாக இருக்க முடியவில்லை என்பதால் வருவதே அதிகம்.

இதில் நமக்குப் புரியாதது என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் இந்தப் பரிசோதனையை அரசாங்க ரகசியமே இல்லாமல் வீட்டுக்கு வீடு செய்திருக்கிறோம். ஜோசப் ஸ்டாலின் செத்த அதே வாரம், 1953 மார்ச்சில், பிறந்த மகனுக்குக் கருணாநிதி அந்தப் பெயரை வைத்தார். எங்கள் வகுப்பில் ஒரு லெனின் இருந்தான், ஒரு போஸ் இருந்தான், பக்கத்துப் பிரிவில் ஒரு காமராஜ். போஸ் தவளையைக் கண்டால் ஓடுவான். லெனினுக்குக் கணக்கு வராது. “பேரு மட்டும் லெனின்னு வெச்சுக்கிட்டா போதுமாடா?” என்று விடைத்தாளை நீட்டும்போதெல்லாம் வாத்தியார் கேட்பார். அவனா வைத்துக்கொண்டான்? அவன் அப்பா வைத்தது. என் பெயருக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. மதிப்பெண் குறைந்தால் என்னை மட்டும்தான் திட்டினார்கள், கூட ஒரு புரட்சியை இழுக்கவில்லை.

காந்தியை இப்படிக் காட்டலாமா என்று கொதித்தவர்கள் ‘சத்திய சோதனை’யை ஒருமுறை புரட்டியிருக்கலாம். பதின்வயதுக் காந்தியைப் பற்றி அந்தப் புத்தகத்தில் அவரே எழுதி வைத்திருப்பதைவிட இந்தக் கார்ட்டூன் ஒன்றும் மோசமாகச் சொல்லிவிடவில்லை. சித்தப்பா பிடித்துப் போட்ட சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்தது. அது போதாமல் வேலைக்காரனின் சில்லறையைத் திருடியது. நண்பன் பேச்சைக் கேட்டு ஆற்றோரம் ஒளிந்து உட்கார்ந்து ஆட்டிறைச்சி தின்றது. அன்று ராத்திரி முழுக்க வயிற்றுக்குள் ஆடு உயிரோடு கத்துவதுபோல இருந்தது என்கிறார். அண்ணனின் காப்பிலிருந்து கொஞ்சம் தங்கத்தை வெட்டி எடுத்தது. பிறகு அப்பாவிடம் கடிதமாக எழுதிக் கொடுத்து ஒப்புக்கொண்டது. சிலையாக்கியவர்கள் நாம்தான், அவர் அந்த வேலையைச் செய்யவில்லை.

இன்னொன்று. இதை லார்டும் மில்லரும் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். காந்தியாக இருக்க முடியாமல் நொறுங்கிய ஒருவர் நிஜத்தில் இருந்தார். மூத்த மகன் ஹரிலால். தென்னாப்பிரிக்காவில் இளம் வயதிலேயே சத்தியாக்கிரகத்தில் பலமுறை சிறை போய் ‘சின்ன காந்தி’ என்று பேர் வாங்கியவர். அப்பா மாதிரி இங்கிலாந்து போய் பாரிஸ்டர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டார், அப்பா அனுப்பவில்லை. 1911இல் முறித்துக்கொண்டு போனார். அப்புறம் குடி, கடன். 1936இல் இஸ்லாத்துக்கு மாறி, அப்துல்லா என்று பெயர் வைத்துக்கொண்டார், சில மாதங்களில் திரும்பிவிட்டார். அப்பா சுடப்பட்ட அதே 1948இல், சில மாதம் கழித்து, பம்பாயில் இறந்தார். அந்தப் பெயரின் நிழலில் ஒரு பிள்ளை என்ன ஆவான் என்பதற்குச் சரித்திரமே ஒரு பதில் வைத்திருக்கிறது, அதில் சிரிக்க எதுவும் இல்லை. கார்ட்டூன் காந்தி அந்த இடத்தைத் தெரியாமல் தொட்டுவிட்டான். ஹரிலால் கதை தெரிந்த பிறகு அந்தக் கடுக்கன் போட்ட பையனின் கலாட்டாவைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு முன்போல வரவில்லை. ஆனால் அவன்மேல் பிரியம் கூடிவிட்டது.

போராட்டத்துக்குப் பிறகும் தொடரைக் காப்பாற்றப் பார்த்தார்கள். காந்தி இல்லாமல் இரண்டாவது சீசனுக்குக் கதை கேட்டது எம்டிவி. வந்த யோசனைகளில் ஒன்று, இத்தனை நாள் நாம் காந்தி என்று நினைத்தவன் உண்மையில் நடிகர் கேரி கோல்மனின் நகல் என்று சொல்லிவிடுவது. ‘டிஃப்ரன்ட் ஸ்ட்ரோக்ஸ்’ தொடரில் குட்டிப் பையனாக நடித்தவர் அவர். விசேஷ எபிசோடுகளைக் கேலி செய்த தொடர், விசேஷ எபிசோடுகளின் நாயகனிடமே போய்ச் சரணடைவது! அதை எடுத்திருந்தால் தேவலை. எடுக்கவில்லை.

அதனால் 13ஆவது எபிசோடோடு கதை அந்தரத்தில் நின்றது. பள்ளி நடன விருந்து இரவு. தனக்குப் பிடித்தது ஜோனைத்தான் என்று ஏப்புக்கு ஒருவழியாக உறைக்கிறது. ஓடிப் போய்ப் பார்த்தால் அவள் கென்னடியோடு படுக்கையில். அதற்குள் குளிர்பதன அறையில் எல்லோரையும் உறைய வைத்துவிடுகிறார்கள். முற்றும். இருபது வருடம் ரசிகர்கள் இந்த முடிவோடுதான் வாழ்ந்தார்கள்.

2023 மே மாதம் மேக்ஸ் ஸ்ட்ரீமிங் தளத்தில் தொடர் திரும்பி வந்தது. பனி உருகி எல்லோரும் எழுகிறார்கள், வெளியே இருபது வருடம் ஓடிப்போயிருக்கிறது. யோசனை பிரமாதம். ஏப் வாய் திறந்தவுடன் பழைய காலத்துப் பேச்சுக்காக மாட்டிக்கொள்கிறான். புதிய நகல்கள் வந்திருக்கிறார்கள்: அமெரிக்க அடிமைகளைத் தப்பவைத்த ஹாரியட் டப்மன், மெக்ஸிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ, சீன ஞானி கன்ஃபூஷியஸ். அப்புறம் டோஃபர் பஸ் என்று பெயரை ஒடித்துவைத்துக்கொண்டு திரியும் ஒருவன். அவன் யார் என்று தெரியவில்லையா? முன்னால் ‘கிறிஸ்’ஸையும் ‘கொலம்’மையும் சேர்த்துப் பாருங்கள். தன் பெயரை மறைத்து வாழ வேண்டிய நகல் என்பது தொடரின் பழைய விதிக்கு அருமையான புதுத் திருப்பம். இருபது வருடத்தில் அமெரிக்காவில் கொலம்பஸின் சிலைகளுக்கு என்ன நடந்தது என்பது தெரிந்தவர்களுக்கு இன்னும் ரசிக்கும்.

ஆனால் மீதி எனக்கு ஒட்டவில்லை. பழைய தொடர் சீரியஸாக முகத்தை வைத்துக்கொண்டு அபத்தம் பேசியது. புதியது, தான் ஜோக் சொல்கிறோம் என்று கண்ணடித்துக்கொண்டே சொல்கிறது. பழைய தொடரின் தவறுகளுக்கு, ஓரினச் சேர்க்கையாளர்களை வைத்துச் செய்த மலிவான கிண்டல்களுக்கு, அது வெட்கப்படுகிறது. வெட்கப்பட வேண்டியதுதான், இன்று பார்த்தால் நெளிய வைக்கிறது. கென்னடியை வளர்க்கும் அப்பாக்கள் இருவரும் ஒரு ஜோடி என்பதே ஜோக்காக நிற்கும் காட்சிகள் உண்டு. ஆனால் வெட்கம் மட்டும் கதையாகிவிடாது. இரண்டு சீசன், தலா 10 எபிசோடு, 2024 மார்ச்சில் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

காந்தி? அவனை உருக வைக்கவே இல்லை. உறைந்த நிலையிலேயே ஒரு ஓரமாக விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்து போகிறார்கள். கம்பெனிக்கு அது பத்திரமான முடிவு. ஆனால் ஏப் என்கிற நல்ல பையனின் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கெடுக்க ஒருவன் வேண்டும். அவன் இல்லாமல் ஏப் வெறும் நெட்டைப் பையன். எழுதியவர்களுக்கும் அது தெரிந்திருக்கும் என்றே தோன்றுகிறது. அந்த வேலையை அவனிடமிருந்து எடுத்து ஆளாளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள், யாருக்கும் பொருந்தவில்லை.

பார்க்க நினைப்பவர்களுக்கு: முதல் எபிசோடிலிருந்து தொடங்காதீர்கள். அது அறிமுகப்படுத்துவதிலேயே மூச்சு வாங்குகிறது. தேர்தல் எபிசோடில் தொடங்குங்கள். அடுத்து கவனக்குறைவு எபிசோடு, பிறகு திராட்சை, பிறகு குப்பை. இந்த நாலுக்கும் சிரிக்காதவர்கள் மேலே போக வேண்டியதில்லை. சிரித்தவர்கள் முதலிலிருந்து 13 வரை ஒழுங்காகப் பார்த்துவிட்டு, புதிய சீசனில் கொலம்பஸ் பையன் வருகிற காட்சிகளை மட்டும் பாருங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள், கார்ட்டூன்தானே என்று டிவியில் போட்டுவிடாதீர்கள். என் அக்கா மகன் பின்னால் வந்து நின்று, “மாமா, இது யாரு, காந்தித் தாத்தாவா?” என்று கேட்டான். அக்காவும் அங்கேதான் இருந்தாள். “அவர் பேர்ல இன்னொருத்தன்டா” என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பின மாதிரித் தெரியவில்லை.